பறந்த கதையும் பாதியில் நின்ற பதிவும்



1903 டிசம்பர் 17. அமெரிக்காவின் வட கரோலினா கடற்கரையில், கிட்டி ஹாக் என்ற ஊருக்குப் பக்கத்து மணல்மேட்டில் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். முதல் பறத்தல் 12 வினாடி, 120 அடி. இதை நான் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன், நீங்களும் நோட்டில் எழுதியிருக்கிறீர்கள்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு செய்தி உண்டு. அந்த 12 வினாடி துல்லியமான கணக்கு அல்ல. கடிகாரத்தை உடனே நிறுத்தவில்லை, அதனால் சரியான நேரம் தெரியவில்லை என்று ஆர்வில் ரைட் தம் நாட்குறிப்பிலேயே குறித்து வைத்திருக்கிறார். இத்தனைக்கும் அவர்கள் அந்த இயந்திரத்தில் மூன்று கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். காற்றில் கடந்த தூரத்தை அளக்க ஒன்று, நேரத்துக்கு ஒரு கடிகாரம், எஞ்சின் எத்தனை முறை சுற்றியது என்று எண்ண ஒன்று. ஆக, மனிதன் பறந்த முதல் நாளே பதிவில் கோளாறும் வந்துவிட்டது!

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நம் பள்ளியில் படித்த தம்பி ஒருவர் வெளிநாட்டில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். கைப்பேசியில் ஜிபிஎஸ் வழிகாட்டிச் செயலி வைத்திருக்கிறார். விமானம் கிளம்பியதும் அது தானே பதிவைத் தொடங்கும், இறங்கியதும் தானே முடிக்கும். இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு வந்து பார்த்தால் 40 நிமிடத்தோடு கோடு நின்றுபோயிருக்கிறது. "ஏன் சார் இப்படி?" என்று கேட்டார். பதில் தேடப் போனேன். அதன் பின்னால் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவருக்கு மட்டும் சொல்வதைவிட எல்லோருக்குமாக எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் பழைய கதை.

1927 மே 20 காலை 7:52 மணி. சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து தனியாளாகக் கிளம்பினார். மறுநாள் இரவு பாரிஸில் இறங்கினார். முப்பத்து மூன்றரை மணி நேரம், நடுவில் எங்கும் நிற்கவில்லை, தூக்கமும் இல்லை. நியூயார்க்குக்கும் பாரிஸுக்கும் இடையே நிற்காமல் பறப்பவருக்கு 25,000 டாலர் பரிசு காத்திருந்தது.

நடுக்கடலுக்கு மேலே தனியாகப் பறந்தவர் நடுவில் எங்கும் இறங்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி? அதற்காகவே அவருடைய விமானத்தில் முத்திரையிட்ட ஒரு பெட்டி வைக்கப்பட்டது. அதன் பெயர் பாரோகிராஃப். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும் என்று ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ படித்திருப்பீர்கள். பெட்டிக்குள் அழுத்தத்துக்கு ஏற்றபடி விரிந்து சுருங்கும் ஓர் உலோகக் குப்பி இருக்கும். அதோடு இணைந்த ஊசி ஒன்று, கடிகார விசையால் மெல்லச் சுழலும் உருளைமேல் சுற்றிய தாளில் கோடு போட்டுக்கொண்டே வரும். விமானம் ஏறினால் கோடும் ஏறும். இறங்கினால் கோடும் இறங்கும். தரையைத் தொட்டிருந்தால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியைச் சரிபார்த்து முத்திரை வைப்பவர் விமானி அல்ல, அதிகாரி. முத்திரையை உடைத்துத் திறப்பவரும் அவர்தான்.

லிண்ட்பர்க் தாமும் கையால் குறிப்பு எழுதினார். எந்தத் தொட்டியிலிருந்து எத்தனை மணி நேரம் எரிபொருள் எடுத்தார் என்பதைக் கருவிப் பலகையிலேயே பென்சிலால் கோடு கோடாகக் குறித்தார். வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த விமானத்தில் பென்சில் கோடுகளை இன்றும் காணலாம். ஆனால் பாரிஸில் இறங்கியபோது விமானத்தைச் சூழ்ந்த கூட்டத்தில், அந்தப் பயணத்தின் பதிவேட்டை யாரோ நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்! ஒரு பதிவு களவு போனாலும் இன்னொன்று நின்றது. முத்திரைப் பெட்டி, பென்சில் கோடு, கைப்பட எழுதிய ஏடு என்று பல சாட்சிகள் இருந்ததன் பயன் அது.

பத்து ஆண்டு கழித்து, 1937 ஜூலை 2 அன்று, அமீலியா இயர்ஹார்ட் பசிபிக் கடலில் ஹவுலண்டு என்ற சிறு தீவைத் தேடிப் பறந்து காணாமல் போனார். அவருடைய விமானத்தின் கதையைச் சொல்ல விமானத்திலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை. நமக்கு எஞ்சியிருப்பது, கீழே கடலில் காத்திருந்த இட்டாஸ்கா என்ற கப்பலின் வானொலிப் பதிவேடு. அதாவது, பறந்தவர் எழுதிய பதிவு அவரோடு போனது. கேட்டவர் எழுதிய பதிவு மிஞ்சியது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி கறுப்புப் பெட்டியின் கதை.

ஆஸ்திரேலியாவில் டேவிட் வாரன் என்று ஒரு சிறுவன் இருந்தான். 1934 அக்டோபரில் அவன் தந்தை சென்ற 'மிஸ் ஹோபார்ட்' என்ற விமானம் பாஸ் நீரிணையில் காணாமல் போயிற்று. பையனுக்கு அப்போது ஒன்பது வயது. தந்தை கடைசியாக வாங்கிக் கொடுத்த பரிசு ஒரு படிக வானொலிப் பெட்டி. அதைப் பிரித்து மாட்டி, அவனே வானொலி செய்யக் கற்றுக்கொண்டான். வளர்ந்து வேதியியல் படித்து, மெல்போர்னில் இருந்த அரசு விமான ஆய்வகத்தில் எரிபொருள் ஆராய்ச்சியாளர் ஆனார்.

1950-களின் தொடக்கத்தில் 'காமெட்' என்ற புதிய ஜெட் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 1953 மே 2 அன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து கிளம்பிய ஒன்று சில நிமிடங்களில் உடைந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். 1954 ஜனவரியில் இன்னொன்று இத்தாலிக் கடலில், எல்பா தீவின் அருகே விழுந்தது. காரணம் புரியாமல் உலகமே திகைத்தது. ஆய்வுக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்த வாரனுக்கு, தாம் ஒரு வணிகக் கண்காட்சியில் பார்த்த சட்டைப்பை அளவு ஒலிப்பதிவுக் கருவி நினைவுக்கு வந்தது. விழுந்த விமானத்தில் அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்திருந்தால்?

1954-ல் அறிக்கை எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவரே மாதிரி ஒன்றைச் செய்தார். எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரக் குரலும், எட்டுக் கருவிகளின் அளவுகளும் பதியும். கம்பி நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே புதியதை எழுதும். விமானப்படை தேவையில்லை என்றது. விமானிகள் சங்கம், எங்களை ஒட்டுக் கேட்பதா என்று எதிர்த்தது. 1958-ல் அங்கே வந்த பிரிட்டிஷ் அதிகாரி சர் ராபர்ட் ஹார்டிங்ஹாம்தான் அதன் அருமையை உணர்ந்தார். 1960-ல் குவீன்ஸ்லாந்தின் மக்காய் அருகே ஒரு விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள். அதன் விசாரணைக்குப் பிறகு, ஆஸ்திரேலியா இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. இதற்கு முன்பே பிரான்சில் பிரான்சுவா ஹுசெனோ என்பவர் 1939-ல் ஒளிப்படச் சுருளில் அளவுகளைப் பதியும் கருவியைச் செய்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். பெயர்தான் கறுப்புப் பெட்டி. நிறமோ, இடிபாட்டில் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக ஆரஞ்சு.

வாரன் 2010-ல் காலமானார். அவருடைய சவப்பெட்டியில் 'விமானப் பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தவர், திறக்கக் கூடாது' என்ற பொருளில் வாசகம் எழுதி ஒட்டியிருந்தார்கள். கடைசி வரை நகைச்சுவை.

கருவி வந்தது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. புதிதாக ஒன்று முளைத்தது.

1998 செப்டம்பர் 2. நியூயார்க்கிலிருந்து ஜெனிவா கிளம்பிய ஸ்விஸ்ஏர் 111. விமானி அறையின் கூரைக்கு மேலே தீப் பிடித்தது. தீ ஒயர்களைத் தின்றது. மின்சாரம் போகப் போக ஒவ்வொரு கருவியாக நின்றது. குரல் பதிவு, விவரப் பதிவு இரண்டும் நின்றுபோய் ஏறக்குறைய ஆறு நிமிடம் கழித்துத்தான் விமானம் கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரம் கடலில் விழுந்தது. 229 பேரும் இறந்தார்கள். அந்தக் கடைசி ஆறு நிமிடத்தில் விமானிகள் என்ன செய்தார்கள், என்ன பார்த்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. கனடா நாட்டினர் கடலுக்கடியிலிருந்து விமானத்தின் எடையில் 98 சதவீதத்தைத் துண்டு துண்டாக எடுத்து, கருகிய ஒயர்களைப் பார்த்து, நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்து 2003-ல் அறிக்கை கொடுத்தார்கள். எந்த ஒயரில் தொடங்கியது என்று முழு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றும் காப்பு உறைகளை நீக்கச் செய்தார்கள்.

அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 1999-ல், அவர்கள் சொன்ன பரிந்துரையைக் கவனியுங்கள். குரல் பதிவு 30 நிமிடம் போதாது, 2 மணி நேரம் வேண்டும். விமானத்தின் மின்சாரம் போனாலும் 10 நிமிடமாவது ஓடும்படி பதிவுக் கருவிக்குத் தனி மின்சாரம் வேண்டும்.

இதுதான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த விஷயம். பதிவு செய்யும் கருவி, தான் யாரைக் கண்காணிக்கிறதோ அவரிடமே சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டால், அவர் பட்டினி கிடக்கும் அன்று இதுவும் பட்டினி. விமானம் நன்றாகப் பறக்கும்போது பதிவும் நன்றாக ஓடும், அன்று அது யாருக்கும் தேவையில்லை. விமானம் தடுமாறும்போது பதிவும் தடுமாறும், அன்றுதான் அது தேவை. பதிவு அறுந்துபோவது பெரும்பாலும் தற்செயல் இல்லை.

பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் ஜெஜூ ஏர் விமானம் விபத்துக்குள்ளாகி 179 பேர் இறந்தார்கள். அதிலும் இரண்டு பதிவுகளும் மோதலுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்பே நின்றிருந்தன. மறுபக்கம், 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் நம் நெஞ்சை உலுக்கிய விபத்து. அந்த வகை விமானத்தில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு பதிவுக் கருவிகள். முன்னே இருப்பதற்குத் தனி மின்சாரமும் உண்டு. பின்னே இருந்தது கடுமையாகச் சிதைந்துவிட்டது. முன்னே இருந்ததிலிருந்து பறத்தல் விவரங்களும் இரண்டு மணி நேரக் குரலும் கிடைத்தன என்று முதற்கட்ட அறிக்கை சொல்கிறது. எது எதற்காக ஒரு நாள் பரிந்துரைக்கப்பட்டதோ, அது இன்னொரு நாள் உதவுகிறது.

இடைவெளியே சாட்சி சொன்ன கதையும் ஒன்று உண்டு. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு கோலாலம்பூரிலிருந்து கிளம்பிய எம்எச்370. அதிகாலை 1:21 மணிக்கு ராடார் திரையில் அதன் அடையாளம் மறைந்தது. வழக்கமாக வரவேண்டிய 1:37 மணித் தகவலும் வரவில்லை. ஆனால் 2:25 மணிக்கு அதே விமானத்தின் செயற்கைக்கோள் கருவி, புதிதாக இணைப்புக் கேட்டு அழைத்தது. புதிதாக இணைப்புக் கேட்கிறது என்றால் நடுவில் மின்சாரம் போய், மறுபடி வந்திருக்கவேண்டும் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். பிறகு காலை 8:19 வரை அவ்வப்போது 'இருக்கிறாயா?', 'இருக்கிறேன்' என்ற அளவில் மட்டும் பரிமாற்றம். அதை வைத்துத்தான் விமானம் தெற்கே இந்தியப் பெருங்கடலுக்குப் போனது என்று கணித்தார்கள். இட்டாஸ்கா கப்பலைச் சொன்னேனே, அதே நிலை. விமானத்தில் இருந்த பதிவு கடலுக்கடியில். கேட்டுக்கொண்டிருந்தவரிடம் இருந்த பதிவு நம் கையில். இதற்குப் பிறகுதான், பெரிய பயணிகள் விமானங்கள் கடலுக்கு மேலே 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது தம் இருப்பிடத்தைத் தெரிவிக்கவேண்டும் என்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இனி ஜிபிஎஸ்.

அதன் முதல் செயற்கைக்கோள் 1978-ல் மேலே போனது. அமெரிக்க ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதை அடுத்துத்தான், ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. அந்த விமானத்தின் பதிவு நாடாக்களை சோவியத் நாடு கடலிலிருந்து எடுத்து ரகசியமாக வைத்திருந்தது. 1993-ல்தான் அவை சர்வதேச நிபுணர்கள் கைக்கு வந்தன. பதிவு நிற்பதற்கு மின்சாரம் மட்டும் காரணமில்லை, அதைப் பூட்டி வைப்பவர்களும் காரணம். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் துல்லியத்தை அமெரிக்கா வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அதை நீக்கிய பிறகுதான் இன்று நாம் தெருமுனை வரை வழி பார்க்கிறோம்.

எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதக்கும் கிளைடர் விமானிகள் இதை முன்பே பிடித்துக்கொண்டார்கள். 1990-களின் நடுவில் பாரோகிராஃப் பெட்டிக்குப் பதிலாக ஜிபிஎஸ் பதிவுக் கருவியைச் சாதனைச் சான்றாக ஏற்றார்கள். அவர்கள் வகுத்த ஐஜிசி என்ற கோப்பு முறை எனக்கு மிகவும் பிடித்தது. சில வினாடிக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றழுத்தப்படி உயரம், ஜிபிஎஸ் படி உயரம். உயரத்துக்கு இரண்டு சாட்சிகள்! நடுவில் ஓர் ஆங்கில எழுத்து. செயற்கைக்கோள் சரியாகக் கிடைத்தால் 'ஏ'. கிடைக்காவிட்டால் 'வி'. செயற்கைக்கோள் போய்விட்டால் கருவி வாயை மூடிக்கொள்வதில்லை. 'வி' போட்டு, காற்றழுத்த உயரத்தை மட்டுமாவது எழுதிக்கொண்டே போகும். இருப்பிடம் தெரியவில்லை என்பதையும் ஒரு தகவலாக எழுதி வைக்கிறது. கோப்பின் முடிவில் மின்னணு முத்திரை. பின்னால் யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது. பழைய அரக்கு முத்திரையின் பேரப்பிள்ளை அது.

இப்போது தம்பியின் கைப்பேசிக்கு வருவோம்.

கைப்பேசி பதிவுக் கருவியாகப் பிறந்தது அல்ல. பேசவும், படம் பார்க்கவும், நாள் முழுக்க சார்ஜ் நிற்கவும் செய்யப்பட்டது. எனவே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் செயலிகளை அது சந்தேகத்தோடுதான் பார்க்கும். திரை அணைந்தபின் பின்னணிச் செயலிகளை உறங்க வைக்கும் ஏற்பாடு 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் வந்தது. 2017-ல் வந்த 8-ஆம் பதிப்பு, பின்னணியில் இருக்கும் செயலி மணிக்குச் சில முறை மட்டுமே இருப்பிடம் கேட்கலாம் என்றது. 2019-ல் 10-ஆம் பதிப்பு, 'எப்போதும் அனுமதி' என்பதைத் தனியாகப் பிரித்தது. அதே ஆண்டு ஐபோனிலும் 'ஒருமுறை மட்டும் அனுமதி' வந்தது. நம்மை யாரும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது, பேட்டரி தீரக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த நல்ல விதி, நாமே விரும்பி வைத்த சாட்சியையும் சேர்த்து உறங்க வைத்துவிடுகிறது.

ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க, முதலில் கோடு எப்படி நின்றது என்று பாருங்கள். விடைத்தாளைப் பார்த்தே பையன் எங்கே தடுமாறினான் என்று சொல்லலாம் இல்லையா, அதுபோல.

கோடு சட்டென்று நின்று, பிறகு தொடரவே இல்லை என்றால்: செயலியையே கைப்பேசி மூடியிருக்கும். பேட்டரி சேமிப்பு, தீர்ந்துபோன சார்ஜ், அல்லது நாமே விரலால் தள்ளி மூடியது. சூடும் காரணமாகலாம். ஐபேடு போன்றவை சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைக்கும்தான் என்று வடிவமைக்கப்பட்டவை. கண்ணாடிக் கூண்டுக்குள் நேர் வெயிலில் வைத்தால் கொதித்துத் தானே அணைந்துவிடும்.

இரண்டு புள்ளிகளை இணைத்து ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்க்கோடு வந்தால்: செயலி ஓடியிருக்கிறது, இருப்பிடம் கிடைக்கவில்லை. கருவி வானத்தைப் பார்க்காத இடத்தில் இருந்திருக்கலாம். அல்லது பின்னணி அனுமதி அரைகுறையாக இருக்கலாம்.

ஒரே பறத்தல் இரண்டு மூன்று பதிவுகளாக உடைந்திருந்தால்: தானே தொடங்கித் தானே முடிக்கும் விதியைச் சந்தேகியுங்கள். இத்தகைய செயலிகள் பெரும்பாலும் தரைவேகத்தை வைத்தே பறக்கிறோமா, நின்றோமா என்று முடிவு செய்கின்றன. 60 நாட் வேகத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு எதிர்க்காற்று 40 நாட் என்றால் தரைவேகம் வெறும் 20. விமானம் வானத்தில் இருக்கும், செயலியோ இறங்கிவிட்டதாக நினைத்துப் பதிவை முடித்துவிடும்! இறங்கித் தொட்டு உடனே மறுபடி ஏறும் பயிற்சியிலும் இப்படி நடக்கலாம்.

கோடு அங்குமிங்கும் தாவினால்: கைப்பேசியின் உள் ஜிபிஎஸ், புளூடூத்தில் இணைத்த வெளிக் கருவி என இரண்டுக்கும் இடையே செயலி மாறி மாறிப் போயிருக்கலாம். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

மருந்து என்ன? வரலாறு ஏற்கனவே சொல்லிவிட்டது. தனி மின்சாரம்: பவர் பேங்க் இணைத்து வையுங்கள். பூட்டு: இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று மாற்றி, பேட்டரி சேமிப்பிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுங்கள். முன்சோதனை: பறக்கும் முன் காரிலோ பஸ்ஸிலோ ஒரு மணி நேரம் திரையை அணைத்து வைத்துப் போய்ப் பாருங்கள், கோடு முழுதாக வருகிறதா என்று. இரண்டாம் சாட்சி: இன்னொரு கருவி, அதோடு முழங்காலில் கட்டிய காகிதத்தில் கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். இவை எல்லாம் தரையில் செய்யவேண்டியவை. வானத்தில் பதிவு நின்றால் நிற்கட்டும். தலையைக் குனிந்து கைப்பேசியை நோண்டக் கூடாது. விமானத்தை ஓட்டுவதுதான் முதல் வேலை.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். தம்பி இன்னொன்றும் கேட்டார்: "சார், விட்டுப்போன பகுதியை வரைபடத்தில் நானே வரைந்து சேர்த்துவிடலாமா? நான் அங்கே பறந்தது உண்மைதானே?"

வேண்டாம் என்றேன். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். ஒவ்வொரு மணியையும் நம்பித்தான் நாளை பயணிகள் அவர் பின்னால் உட்காரப் போகிறார்கள். அந்த மணிக்கணக்குக்குச் சட்டப்படியான சாட்சி, பயிற்றுநர் கையெழுத்திட்ட அவருடைய பதிவேடு. அதோடு விமானத்தின் ஏடும் பயிற்சிப் பள்ளியின் ஏடும் இருக்கின்றன. செயலியின் கோடு ஒரு துணைச் சாட்சி. துணைச் சாட்சியைத் திருத்தினால், திருத்தாத பகுதியின் மேலும் சந்தேகம் வரும். கோட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் 'இந்த நேரம் முதல் பதிவு இல்லை, காரணம் இது, ஏட்டின்படி இறங்கிய நேரம் இது' என்று எழுதி வைத்தால் போதும்.

வருகைப் பதிவேட்டில் நாங்கள் அழித்தெழுத மாட்டோம், ஞாபகம் இருக்கிறதா? தவறு நேர்ந்தால் ஒரே கோடாக அடித்து, கீழே இருப்பது தெரியும்படி வைத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவோம். ஆர்வில் ரைட்டும் அதைத்தான் செய்தார். 12 வினாடி என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கடிகாரம் உடனே நிறுத்தப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரி இருப்பதால், அவர் எழுதிய மற்ற எண்களையும் நாம் நம்புகிறோம். அன்றைய நான்காவது பறத்தல், 59 வினாடி, 852 அடி என்றால் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்.

உங்களில் மருத்துவமனையில், வங்கியில், மின்வாரியத்தில், கப்பலில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் வேலையில் பதிவு எப்போது நிற்கிறது, அதற்கு இரண்டாம் சாட்சி எது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு லீவு நாளில் இந்தக் கதைகளைச் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.